குளவிக்குக் குரல் கொடுத்தவள்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் குளவி என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் அதைப் பார்க்கும்போது அவளுக்கே யாரோ எவரோ என்று தோன்றும்.

ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கைப்பைக்குள் எப்போதும் ஒரு குப்பி வெந்நீர். மாடி ஏறினால் இரைக்கும். ஆனால் கண்ணாடி அறைக்குள் போய், கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் அவள் பதினான்கு வயதுப் பையன். துடுக்கான பையன். உலகத்தில் எவனுக்கும் வழிவிடாத பையன்.

‘ஆகாய வளையம்’ என்று ஒரு அனிமே கார்ட்டூன் தொடர். எங்கோ தூர தேசத்தில் வரைந்தது. வருங்காலத்தில் நடக்கிற கதை. உடைந்துபோன நிலவு ஒன்றைச் சுற்றி ஒரு குழாய்ப்பாதை, அதற்குள் சக்கரமே இல்லாத வண்டிகள் மின்னல் வேகத்தில் பந்தயம் ஓடும். அவற்றில் மஞ்சள் நிற வண்டி ஒன்றின் பெயர் குளவி. அதை ஓட்டுகிற பொடியனையும் எல்லோரும் அப்படியே கூப்பிடுவார்கள். தொடரை நம் பேச்சுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பொடியனுக்கு வாய்த்தது இவள் குரல்.

குரல் கொடுப்பவர்களுக்கு உதடுதான் எஜமான். திரையில் வாய் திறக்கும்போது திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். எவ்வளவு நல்ல வசனமாக இருந்தாலும் உதட்டில் உட்காராவிட்டால் குப்பைக்குத்தான் போகும். ஆனால் பந்தயக் காட்சிகளில் பொடியன் ஹெல்மெட் போட்டிருப்பான். வாய் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவளுக்கு விடுதலை. மூலத்தில் வெறும் உறுமல் இருந்த ஓர் இடத்தில் ஒரு நாள் அவளாகவே, “வழி விடு, வழி விடு, கொட்டிடுவேன்!” என்று கத்தி வைத்தாள். ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த விடுமுறைக்குள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் கத்திக்கொண்டு போனார்கள்.

குரல் கொடுத்தவர்கள் பெயர் எங்கேயும் வராது. “எனக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்குத் தெரியணுமா என்ன?” என்று வீட்டுக்காரரிடம் பெருந்தன்மையாகச் சொல்வாள். சுத்தப் பொய். ஊருக்குத் தெரிய வேண்டும் என்று உள்ளுக்குள் தவியாய்த் தவித்தாள். துணி உலர்த்தப் போகிற சாக்கில் பால்கனியில் நின்று பிள்ளைகள் கத்துவதைக் காது குளிரக் கேட்பாள். வீட்டுக்காரர் சலவை இயந்திரம் பழுது பார்க்கிறவர். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடும், உன் சத்தத்துக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்பார். அந்த மனிதரிடம் வேறு என்ன பாராட்டை எதிர்பார்க்க முடியும்?

இப்போது தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வயது சிறியவள். இருந்த வேலை போய், குளவி குடியிருந்த கட்டடத்திலேயே மேல் மாடிக்குக் குடிவந்திருந்தாள். சும்மா இருக்கிறாளே என்று குளவிதான் அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். சந்தைக் காட்சியில் கூச்சல், விபத்துக் காட்சியில் அலறல் என்று கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிற வேலை. தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டோமே என்று பின்னால் எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

ஏனென்றால் தங்கை பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய அழகான குரல் என்று சொல்ல முடியாது. லேசாக மூக்கில் உரசும். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் மேலே தூக்கிவிட்டு, பாதிச் சிரிப்பில் நிறுத்துவாள். கேட்டது கிடைக்காமல் போகாது என்று நம்புகிற பிள்ளையின் பேச்சு. சிறு வயதிலிருந்தே அப்படித்தான், கிடைத்தும் இருந்தது. விருந்தாளிகள் வந்தால் அக்கா தட்டை நீட்டுவாள், தங்கை பேசுவாள். போகும்போது சின்னவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்புகிறவளைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

கூடத்திலும் அதே கதை. ஒருநாள் ஒலிப்பதிவாளர் விளையாட்டாக, “என்ன குட்டிக் குளவி, டீ குடிச்சாச்சா?” என்று தங்கையைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். குளவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ‘ஆகாய வளைய’த்தை வீடியோ விளையாட்டாகச் செய்கிறார்கள். இனி பார்ப்பதோடு முடியாது, யார் வேண்டுமானாலும் குளவி வண்டியில் உட்கார்ந்து நிலவைச் சுற்றிப் பந்தயம் ஓட்டலாம். வேகப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பொடியன் “வழி விடு, வழி விடு” என்று கத்துவான். அவள் சொந்தமாகச் செய்த சொல் விளையாட்டுக்குள்ளேயே ஏறப்போகிறது. பதிவை நடத்தப்போவது விளையாட்டைச் செய்கிற கம்பெனியின் குரல் இயக்குநர், ஒரு பெண்மணி. வெளியூரிலிருந்து திரை வழியாகப் பேசுவார். வழக்கப்படி மாதிரிக் குரல்கள் அனுப்பச் சொல்லியிருந்தார். பெயர் வேண்டாம், இலக்கம் மட்டும் போட்டு அனுப்புங்கள் என்பது நிபந்தனை.

“சும்மா ஒரு சடங்குதான்க்கா, உங்களை விட்டா யாரு?” என்றார் ஒலிப்பதிவாளர். குளவி உள்ளே போனாள், வழக்கமான பொடியன் குரலில் பேசினாள், வெளியே வந்தாள். பிறகு அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? “ஒரே குரலை அனுப்பினா நல்லாருக்காது. தங்கச்சி, நீயும் ரெண்டு வரி பேசிடு” என்றார்.

தங்கைக்கு மைக்கைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே தாங்கியில் வைத்த தாளைப் பார்த்து, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிப் படித்தாள். ஒலிப்பதிவாளர் கைப்பேசி அடிக்கவும் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். குளவி எழுந்து உள்ளே வந்தாள்.

“என்னடி இது? வீட்ல வாய் கிழியுது, இங்க ஊமையாட்டம் நிக்கிற? நீ எப்படிப் பேசுவேன்னு உனக்கே மறந்துபோச்சா?” என்று கேட்டுவிட்டு, தங்கையைப் போலவே மூக்கைச் சுருக்கி, வாலைத் தூக்கி, பாதிச் சிரிப்பில் நிறுத்தி அந்த இரண்டு வரியையும் பேசிக் காட்டினாள். தங்கையைக் கேலி செய்வது அவளுக்குப் பல் துலக்குவது மாதிரி, தினம் நடப்பது. “போக்கா!” என்று தங்கை சிரித்தாள். சிரித்ததில் பயம் தெளிந்து இன்னும் இரண்டு தடவை பேசினாள். அதற்குள் ஒலிப்பதிவாளர் வந்துவிட்டார். வேலை முடிந்தது என்று மூவரும் டீ குடிக்கப் போனார்கள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டாம் இலக்கக் குரலையே எடுத்துக்கொள்கிறோம், இத்தனை உயிருள்ள குரலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு என்றால் தங்கை.

ஒலிப்பதிவாளர் அந்த மாதிரியை வெளி ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். குளவி கேட்டாள். தங்கையேதான். அதே மூக்கு, அதே வால், அதே சிரிப்பு. அய்யோ, என்ன அழகாகப் பேசியிருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. தோன்றிய மறுகணமே வயிறு பற்றி எரிந்தது.

“நான் இவ்வளவு நல்லாவாக்கா பேசினேன்?” என்று தங்கை கண்ணை அகல விரித்தாள்.

“நல்லாத்தான் பேசியிருக்க” என்றாள் குளவி. அந்த இரண்டு சொற்களை வெளியே கொண்டுவர, சுவரில் மோதி வெடிக்கிற வண்டிக்குள் அலறுவதைவிட அதிகத் தெம்பு தேவைப்பட்டது.

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். சாப்பிட்டால் இறங்கவில்லை. மேல் மாடியில் காலடி கேட்டாலே நெஞ்சு கடுத்தது. அந்தப் பொடியனை ஊட்டி வளர்த்தவள் நான், அவன் வாயில் சொல்லைப் போட்டவள் நான், நேற்று வந்தவள் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாளே என்று மறுகினாள். வீட்டுக்காரர், “உன் தங்கச்சிக்குத்தானே கிடைச்சிருக்கு, வெளி ஆளுக்கா போச்சு?” என்றார். வெளி ஆளுக்குப் போயிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பதிவு தொடங்கியது. தங்கைக்குப் புது வேலை, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள் என்று குளவியையே கேட்டுக்கொண்டார்கள். அவளும் மறுக்காமல் வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

தொடருக்குப் பேசுவது வேறு, விளையாட்டுக்குப் பேசுவது வேறு. திரையில் படமே கிடையாது. தாளில் நீளமாக வரிகள் மட்டும் இருக்கும். லேசாக உரசினால் ஒரு முனகல், பலமாக மோதினால் ஒரு அலறல், தீப்பிடித்தால் ஒன்று, முந்தினால் ஒன்று, முந்தப்பட்டால் ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் விளையாடுகிறவனுக்கு அலுத்துவிடும். தங்கை கத்தினாள். எல்லா மோதலுக்கும் காலில் கல் இடித்துக்கொண்ட மாதிரி ஒரே கத்தல். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றாள் குளவி.

அடுத்ததும் மோசம். “நல்லாருக்குடி, அப்படியே போ.”

இந்தத் தொழிலில் ஒருத்தியைக் கெடுக்கத் திட்ட வேண்டியதில்லை, மோசமானதை நல்லது என்று சொன்னால் போதும். அது குளவிக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னாள். வயிற்றிலிருந்து கத்து, தொண்டையிலிருந்து கத்தாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தங்கையோ அக்கா சொல்கிறாளே என்று அதே மாதிரி இன்னும் உற்சாகமாகக் கத்தினாள்.

மூன்றாம் நாள் இயக்குநர் அம்மாவுக்குப் பொறுமை போனது. “என்னங்க இது? மாதிரியில கேட்ட பொண்ணு எங்க போச்சு? இதுதான் அவங்களா?” என்று திரையில் தலையைப் பிடித்துக்கொண்டார். தங்கையின் முகம் சுண்டிவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தாள். குளவிக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. பாவம் என்றும் தோன்றியது, அது கொஞ்சமாகத்தான்.

“மாதிரியை இன்னொரு தடவை கேட்டுட்டு அதே மாதிரி பேசட்டும்” என்றார் இயக்குநர். ஒலிப்பதிவாளர் அதைப் போட்டார். குளவி சோபாவில் கிடந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். தங்கை எங்கே கோட்டைவிட்டாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

அன்று ஒலிபெருக்கியில் கேட்காதது இன்று காதோடு காதாகக் கேட்டது. வசனம் தொடங்குமுன் ஒரு மிகச் சின்ன மூச்சு. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். திரையில் வாய் திறக்கக் காத்திருந்து காத்திருந்து வந்த பழக்கம் அது. தங்கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அவள் கூட்டத்தில் கத்தியவள்தானே. அது யார் மூச்சு?

குளவி எழுந்தேவிட்டாள். “அது நான்!”

யாருக்கும் புரியவில்லை. “எது அக்கா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“அந்தக் குரல் நான் பேசினது! இவ பேசல!”

ஒலிப்பதிவாளர் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில், “வேணாம்க்கா, நல்லாருக்காது. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குப் புரியுது” என்றார். பொறாமையில் பிதற்றுகிறாள் என்று நினைத்துவிட்டார். பொறாமைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பிதற்றல் இல்லை.

“தம்பி, அன்னைக்கு எடுத்ததை முழுசா போடுங்க. வெட்டாம போடுங்க.”

அந்த மனிதருக்கு ஒரு வழக்கம். கூட்டத்தின் கூச்சலை ஒலிப்பதிவு செய்து பழகியவர், ஓட விட்ட பதிவை இடையில் நிறுத்தவே மாட்டார், வேண்டியதைப் பின்னால் வெட்டிக்கொள்வார். அன்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனபோதும் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவர் தங்கையின் பதிவிலேயே நன்றாக இருந்த இரண்டு வரியைப் பார்த்து, முன்னும் பின்னும் கேட்காமல் வெட்டி அனுப்பிவிட்டார். இப்போது வெட்டாததை அந்த இடத்திலிருந்து ஓடவிட்டார். அந்த இரண்டு வரியும் ஓடி முடிந்தன. முடிந்த கையோடு குளவியின் சொந்தக் கனத்த குரல் அறை முழுக்கக் கேட்டது. “இப்படித்தான்டி நீ பேசற, கழுதை.”

இத்தனை நாளும் குளவி வெந்து செத்தது தன் குரலைக் கேட்டேதான். அதை நினைத்து அவள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மனசு குதித்தது.

“அப்ப நீங்களே பேசுங்க” என்றார் இயக்குநர். அவருக்கு யார் அக்கா, யார் தங்கை என்றெல்லாம் கவலையில்லை, வேலை நடக்க வேண்டும்.

குளவி உள்ளே போனாள். வளையலைக் கழற்றினாள், வெந்நீர் குடித்தாள், பேசினாள். வந்தது பழைய பொடியன். “இது முதல் இலக்கம். எனக்கு வேணாம்” என்றார் இயக்குநர். தங்கை மாதிரி பேசிப் பார்த்தாள். வந்தது, ஆனால் செத்து வந்தது. மூக்கு இருந்தது, வால் இருந்தது, சிரிப்பு மட்டும் ஒட்டவைத்த மீசை மாதிரித் தொங்கியது. கேலி செய்ய எதிரே ஆள் வேண்டுமே. சுவரைப் பார்த்து யாரைக் கேலி செய்வது?

வெளியே தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். குளவி கதவைத் திறந்தாள். கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாகலாம் என்றிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“உள்ள வாடி. கொஞ்ச நேரம் எதிர்ல நில்லு.”

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னியே, அதெல்லாம் பொய்தானே?”

“பொய்தான்.”

“ஏன்?”

“வயித்தெரிச்சல்.”

தங்கைக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு பையை சோபாவில் எறிந்தாள். உள்ளே வந்து மைக்குக்கு அந்தப் பக்கம் நின்று, தாளை எடுத்து முதல் வரியைத் தன் சொந்தக் குரலில், கோபமும் அழுகையுமாகச் சொன்னாள். “இந்தா, சொல்லிட்டேன். இப்ப கேலி பண்ணு.”

குளவி கேலி செய்தாள். கண்ணாடிக்கு அப்பால் திரையில் இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்படித்தான் அந்த வேலை முழுதும் நடந்தது. ஒவ்வொரு வரியையும் தங்கை சொல்லுவாள், அக்கா அவளைப் போலச் சொல்லுவாள், அக்கா சொன்னது பதிவாகும். தங்கையின் முகத்தை அவ்வளவு நேரம் குளவி வாழ்நாளில் பார்த்ததில்லை. கத்துமுன் புருவம் லேசாக ஏறும், கேட்டது கிடைத்துவிட்ட மாதிரி. அந்த ஏற்றத்தைத்தான் அவளால் எப்படி முயன்றும் சொந்தமாகக் கொண்டுவர முடியவில்லை. பார்த்துப் பார்த்து நகல் எடுத்தாள். நகல் எடுக்க எடுக்கப் பொறாமை குறைந்தபாடில்லை, கூடிக்கொண்டுதான் போனது. ஆனால் அதைத் தூக்கி மைக்கில் போட ஓர் இடம் கிடைத்திருந்ததால் வீட்டில் சாப்பாடு இறங்கியது. கூலியை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதில் தகராறு இல்லை.

விளையாட்டு வெளிவந்த வாரம் இருவரும் பெரிய அங்காடிக்குப் போனார்கள். மின்சாதனக் கடை வாசலில் அதைப் பெரிய திரையில் ஓடவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் வண்டி சுவரில் உரசித் தீப்பிடித்தது. பொடியன் அலறினான். குளவிக்கு உடம்பு சிலிர்த்தது.

“தள்ளு, நானும் பாக்கணும்” என்று தங்கை முன்னால் போனாள். ஒரு சிறுமி சட்டென்று திரும்பினாள். “ஏய், இவங்க குரலைக் கேட்டியா? இவங்கதான்! குளவி இவங்கதான்!”

அவ்வளவுதான், கூட்டம் தங்கையைச் சுற்றிக்கொண்டது. ஒரு தடவை பேசுங்க, ஒரே ஒரு தடவை என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். “ஐயோ, நான் இல்லம்மா. எங்க அக்காதான் பேசினது. அதோ அவங்க” என்று தங்கை கையை நீட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லோரும் குளவியைப் பார்த்தார்கள். பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. “சும்மா சொல்றாங்க” என்றாள் சிறுமி.

“நான்தான்மா பேசினேன்” என்றாள் குளவி, தன் கனத்த குரலில். ஒருத்தரும் நம்பவில்லை. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கையின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், புருவத்தை ஏற்றினாள், தீப்பிடித்த வண்டிக்குள்ளிருந்து கத்துகிற கத்தலைக் கடை அதிரக் கத்தினாள். திரையில் கேட்டது அப்படியே கேட்டது.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு கைதட்டினார்கள். விசில் பறந்தது. சிறுமி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“சூப்பர் ஆன்ட்டி! அப்படியே அவங்க மாதிரியே பேசுறீங்க!”

கைதட்டல் ஓய்வதற்குள் தங்கை அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் குளவி பொரிந்து தள்ளினாள். கண்ணு முன்னாடி கத்திக் காட்டியும் நம்பமாட்டாங்களாம், உன் மாதிரி பேசுறேனாம், நான் உன் மாதிரி எதுக்குடி பேசணும், எனக்குன்னு குரல் இல்லையா என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். தங்கை அவளையே விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பாக்குற?”

“அக்கா” என்று தங்கை மெதுவாகச் சொன்னாள். “நீ இன்னும் என் குரல்லதான் பேசிட்டிருக்க.”

குளவி வாயை மூடிக்கொண்டாள். தொண்டையை ஒருமுறை செருமினாள். இன்னொரு முறை செருமினாள். பஸ் வந்து ஏறி உட்கார்ந்து, வீட்டு வாசலில் இறங்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.